மழை டீச்சரின் சிவப்பு டம்ளர்

மறப்போம் மன்னிப்போம் என்று வாய் கிழியப் பேசுகிறார்களே, அவர்களில் ஒருவரைப் பார்த்தாவது ஊர் கூடி நின்று கைகொட்டிச் சிரித்திருக்குமா? இருக்காது. மழை டீச்சரைப் பார்த்து ஊர் சிரித்தது. அதனால் அவள் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலத் துணிகளுக்குக் கீழே, பழைய கைக்குட்டை ஒன்றில் சுற்றி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரைப் பத்திரமாக வைத்திருந்தாள். மற்றப் பெண்கள் அந்த இடத்தில் நகை வைப்பார்கள்.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் முதல் வாசல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் மழை டீச்சர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், முதுகு திரும்பியதும் சொல்வார்கள். முதுகுக்கும் காது உண்டு என்று அந்தப் பாவிகளுக்கு யார் சொல்வது?

பேர் வந்த கதை இது. அப்போது அவள் மேல் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். அறிவியல் அறையின் சாவி அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த தலைமை ஆசிரியை அவள்தான் என்று ஆசிரியர் அறையில் பேச்சு அடிபட்டது. அந்த வருஷ ஆண்டு விழாவில் பெற்றோர்களுக்கு ஏதாவது செய்து காட்டச் சொன்னார்கள். அவள் எடுத்துக்கொண்டது சின்னக் குழந்தைகூடச் செய்துவிடக்கூடிய சோதனை. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் வாயில் ஓர் அட்டையை வைத்து, உள்ளங்கையால் பொத்தி, அப்படியே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பிறகு கையை எடுத்துவிடலாம். அட்டையும் விழாது, தண்ணீரும் விழாது. கீழே இருக்கிற காற்று அட்டையை மேல்நோக்கி அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சமையலறையில் எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டாள், ஒரு சொட்டு சிந்தியதில்லை.

சும்மா செய்து காட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? பள்ளிக்கூடத்தின் நிர்வாகியை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் தலைக்கு மேலே டம்ளரைக் கவிழ்த்தாள். நிர்வாகி தலைக்கு மை பூசுகிறவர். அது ஊருக்கே தெரியும், தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். தண்ணீரை ஊற்றும்போதே டம்ளரின் அடியைத் தாங்கியிருந்த உள்ளங்கை ஈரமாயிற்று. பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கவிழ்த்தாள். அட்டையிலிருந்து கையை எடுத்தாள். மொத்தத் தண்ணீரும் நிர்வாகியின் உச்சந்தலையில் சொய்யென்று இறங்கியது. நெற்றி, காது, கழுத்து என்று கறுப்பு வழிந்து வெள்ளைச் சட்டை முழுக்கக் கோடு கோடாக இறங்கிற்று. அப்புறம் பின் வரிசையில் எவனோ ஒரு பையன் "மழை டீச்சர், மழை!" என்று கத்தினான். அதற்கப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள்.

அடுத்த வாரமே அறிவியல் அறைச் சாவி கைமாறியது. அவளை மூன்றாம் வகுப்புக்கு மாற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் போட்டார்கள். அது தற்செயலா, யாராவது குறும்புக்குச் செய்தார்களா என்று கடைசிவரை தெரியவில்லை. சாவி போய்ச் சேர்ந்த இடம் கைவேலை டீச்சர். காகிதப்பூ, மணிமாலை, பிளாஸ்டிக் கூடை என்று பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அறிவியலுக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் நிர்வாகியின் தலையைத் துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவள் அவள்தான்.

விழா நடந்த அன்று மாலை, வீட்டில் அந்தச் சிவப்பு டம்ளரைக் கழுவி வைக்கும்போதுதான் கவனித்தாள். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் துளிர்த்து நின்றது. துடைத்தாள். மறுபடியும் துளிர்த்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அடிப்பாகத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை! டம்ளர் தலைகீழாக நிற்கும்போது மேலே ஓர் ஓட்டை இருந்தால் போதும், காற்று அந்த வழியாக உள்ளே புகுந்துவிடும். அப்புறம் கீழே தாங்குகிற காற்று தாங்கி என்ன பிரயோசனம்?

அவள் புருஷனுக்குப் பஞ்சர் ஒட்டுகிற தொழில். தெருமுனையில் சின்னக் கடை. சைக்கிள் முதல் லாரி வரை எந்தச் சக்கரம் வந்தாலும் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவார். ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. அந்த வீட்டில் ஒழுகுகிற வாளி கிடையாது, குடை கிடையாது, செருப்பு கிடையாது. டம்ளரை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது குத்துன ஓட்டை இல்ல. சுட்ட ஓட்டை. ஓரமெல்லாம் உருகி எழும்பியிருக்கு பாரு. யாரோ ஊசியைக் காய்ச்சி வச்சிருக்காங்க" என்றார். சொல்லிக்கொண்டே பசை டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

காய்ச்சின ஊசி! பள்ளிக்கூடத்தில் மெழுகுவர்த்தியும் ஊசியுமாக உட்கார்ந்து பிளாஸ்டிக்கில் பூ போட்டுக் காட்டுகிறவள் யார்? அன்று காலை, "நீங்க போய்ப் பேசத் தயாராகுங்க டீச்சர், தட்டை நான் எடுத்துட்டு வரேன்" என்று சாமான்களைச் சுமந்துகொண்டு வந்தவள் யார்? டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் கையில் சாட்சி இல்லை. ஓட்டையில் பேர் எழுதியா இருக்கிறது?

அடுத்து மகளிடம் சொன்னாள். மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு வயது. விழா முடிந்ததிலிருந்து எல்லோரும் அவளை "மழை டீச்சர் பொண்ணு" என்று கூப்பிட்டு அழ வைத்திருந்தார்கள். அம்மா டம்ளரைக் காட்டி ஓட்டையைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண் வீங்கின கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். சும்மா இரும்மா. உனக்குக் கை நடுங்கிடுச்சு. நான் பாத்தேன்" என்றாள்.

வயிற்றில் சுமந்து பெற்றதே நம்பவில்லை, ஊரான் நம்புவானா? அதனால் ஓட்டை என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கையிடம்கூட அவள் எடுக்கவில்லை. டம்ளர் அலமாரிக்குப் போயிற்று. மறுநாளிலிருந்து மகள் பள்ளிக்கூடம் போகும்போது தெருவின் அந்தப் பக்கம் நடந்தாள். அம்மா இந்தப் பக்கம். யாராவது பார்த்தால் இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பார்கள். நினைக்க வேண்டும் என்றுதான் நடந்தாள். டீச்சருக்குச் சாவி போனது ஒரு வலி, பேர் போனது ஒரு வலி. ஆனால் இது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியதுபோல இருந்தது. அதற்கும் சேர்த்துக் கணக்கு அந்தக் கைவேலைக்காரி தலையில்தான் ஏறியது.

வருஷம் ஓடிற்று. கைவேலை டீச்சர் தலைமை ஆசிரியை ஆனாள். வாசலில் பலகை மாற்றினார்கள், அறைக்குத் திரை போட்டார்கள். எல்லோரும் "பெரிய டீச்சர்" என்று எழுந்து நின்றார்கள். மழை டீச்சரும் எழுந்து நின்றாள். மனசுக்குள் மட்டும் அவள் எப்போதும் கைவேலை டீச்சர்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டால் போதும், அந்த அம்மாள் ஆசிரியர் அறையில் தேநீரை ஆற்றிக்கொண்டே, "என்ன டீச்சர், இதுவும் உங்க கைவரிசைதானா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மழை டீச்சரும் பல்லைக் காட்டுவாள், கடித்துக்கொண்டு காட்டுவாள்.

பழிவாங்க வழி தேடாமலா இருந்தாள்? கைவேலை டீச்சர் நாற்காலியில் பசை தடவலாமா என்று யோசித்தாள். தேநீரில் உப்பைப் போடலாமா, செருப்பில் ஒன்றை மட்டும் ஒளித்துவிடலாமா என்று யோசித்தாள். எல்லாம் சின்னப்புத்தி. தனக்கு நேர்ந்தது மேடையில் நேர்ந்தது, திருப்பிக் கொடுப்பதும் மேடையில்தான் கொடுக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், அந்த ஒருத்தி போதும். வருஷா வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் விடாப்பிடியாக அதே டம்ளர் சோதனையைச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் தொட்டியடியில் வரிசையாக நின்று டம்ளரைக் கவிழ்ப்பார்கள். தலைமை ஆசிரியை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கடையில் நின்று பார்த்தாள். அவர் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு விரலை வைத்து அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் டியூபைத் தேய்க்கிற உப்புத்தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"காத்து போகலியா?" என்று கேட்டாள்.

"விரல் இருக்குதுல்ல. எடுத்தாத்தான் போகும்."

டீச்சர் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். டம்ளரை எடுத்தாள். ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் பிடித்தாள், அட்டை வைத்தாள், கவிழ்த்தாள். தண்ணீர் நின்றது. விரலை எடுத்தாள். கொட்டியது. மறுபடி செய்தாள். விரல் இருந்தால் நின்றது, எடுத்தால் கொட்டியது. சமையலறைத் தரையெல்லாம் வெள்ளம். அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் அவள் காத்திருந்தது கைவேலை டீச்சர் ஓய்வுபெறும் நாளுக்காக. அதுவும் வந்தது. பிரிவு விழாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏதாவது செய்யட்டும் என்று நிர்வாகத்திலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

விழாவுக்கு முதல்நாள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்டி, ஒருவேளை அந்தம்மா செய்யாம இருந்தா? வேற யாராவது செஞ்சிருந்தா?" என்று கேட்டார் அவர்.

"அதுக்குத்தாங்க விரலு. செய்யாதவளுக்கு என் விரல் வெறும் விரல். அது எதுக்கு அங்க இருக்குன்னே தெரியாது. செஞ்சவளுக்குத் தெரியும். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வாய விட்டு அவளே சொல்லுவா."

"சொல்லிட்டா விட்டுடுவியா?"

"விடுறதா! சொன்ன பிறகும் ஊத்துவேன்."

"நாளன்னைக்கும் நீ அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவணும், டீச்சரம்மா. அவ வீட்டுக்குப் போயிடுவா. உனக்கு அந்தப் பேரு ஆயுசுக்கும் நிக்கும்."

"நிக்கட்டும். உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிச் சமையல்மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

மகள் இப்போது வேறு ஊரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பழைய மாணவி என்று அவளுக்கும் அழைப்புப் போயிருந்தது. "வரணுமாம்மா? அந்த மேடையை நெனச்சாலே எனக்கு அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது" என்றாள் தொலைபேசியில். "வா. எனக்காக ஒரே ஒரு தடவை வா" என்றாள் அம்மா. பழிவாங்குவது கைவேலைக்காரியை. ஆனால் பார்க்க வேண்டியவள் மகள். மகள் பார்க்காவிட்டால் அது பழியே இல்லை.

விழா நாள் காலை புருஷன் சீக்கிரமே எழுந்து சமையலறையில் தேநீர் போட்டார். டீச்சர் டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். சமையலறையில் பசை வாடை லேசாக அடித்தது. அந்த மனுஷன் மேல் எப்போதும் அடிக்கிற வாடைதானே என்று விட்டுவிட்டாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் நிர்வாகி உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார், மை பூசுவதை விட்டுத் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. நடு வரிசையில் புருஷனும் மகளும். மேடையில் கைவேலை டீச்சர் புத்தம் புது வெளிர்மஞ்சள் உடுப்போடு, முடியை அழகு நிலையத்தில் உப்ப உப்பச் சீவிவிட்டுக்கொண்டு, மடியில் பூச்செண்டோடு வீற்றிருந்தாள். நன்றி சொல்வதற்காக அவள் வாய்க்கு நேரே மைக்கைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பு மேடையேறியது. ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கோர் அட்டை. மழை டீச்சர் "ம்" என்றதும் எல்லோரும் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கையை எடுத்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. கூடம் கைதட்டியது. அத்தோடு விட்டிருந்தால் கைவேலை டீச்சர் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். தவளை தன் வாயால்தானே கெடும்!

"பிள்ளைங்க டீச்சரை மிஞ்சிட்டாங்க. மழை டீச்சரே செய்யறதா இருந்தா நான் குடையோட வந்திருப்பேன்!" என்றாள் மைக்கில்.

ஊர் சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மழை டீச்சர் அதைப் பார்த்தாள்.

"குடை வேணாம் பெரிய டீச்சர். இத்தனை வருஷம் கழிச்சு உங்க தலைக்கு மேலயே ஒரு தடவை செஞ்சு காட்டறேன். பயமா இருந்தா சொல்லிடுங்க" என்றாள்.

கூடம் முழுக்கக் கைதட்டும்போது பயம் என்று எப்படிச் சொல்வது? "எனக்கென்ன பயம்" என்று அந்த அம்மாள் கழுத்தை நிமிர்த்தினாள். மழை டீச்சர் கைக்குட்டையைப் பிரித்தாள். ஓட்டையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, அட்டையைப் பொத்தி, தலைக்கு நேர் மேலே கவிழ்த்தாள். அட்டையிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீர் நின்றது. டம்ளரின் முதுகில் அந்த ஒற்றை விரல் மட்டும் இருந்தது.

கைவேலை டீச்சர் சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். சிவப்பு டம்ளர். விளிம்பில் ஒரு கடி. டீச்சரின் மகள் பல் முளைக்கிற வயசில் கடித்த கடி அது. ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. சிரிப்பு பாதியில் நின்றது.

"இது... அந்த டம்ளரா?"

"அதேதான் டீச்சர். அன்னைக்குத் தட்டுல வச்சு உங்க கையால கொண்டுவந்து குடுத்தீங்களே, அதேதான்."

கைவேலை டீச்சரின் கண் டம்ளரை விட்டு மேலே போய் விரலில் நிலைகுத்திற்று. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். மைக்குக்கு அதெல்லாம் தெரியுமா?

"விரலை எடுத்துடாதீங்க" என்பது கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஏன் டீச்சர்? எடுத்தா என்ன ஆகும்?"

"விளையாடாதீங்க. அதுல ஓட்டை இருக்கு."

முன் வரிசையில் நிர்வாகி கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "ஓட்டையா? எந்த ஓட்டை?"

"சார் கேக்கறாரு, சொல்லுங்க டீச்சர். எந்த ஓட்டை? இந்தப் பள்ளிக்கூடத்துல நான் யார்கிட்டயும் ஓட்டைன்னு ஒரு வார்த்தை பேசினதில்லை. எனக்குக் கை நடுங்கிடுச்சுன்னுதான் ஊரே சொல்லுச்சு. நானும் வாய மூடிட்டு இருந்தேன். உங்களுக்கு மட்டும் யார் சொன்னது?"

மழை டீச்சர் விரலின் நுனியை ஒரு மயிரிழை தூக்குகிற மாதிரி பாவனை காட்டினாள்.

"ஐயோ, எடுக்காதீங்க! நான்தான்! ஊசியைக் காய்ச்சி நான்தான் வச்சேன். எப்பப் பாத்தாலும் சாவியை ஆட்டிட்டு ஆட்டிட்டு நடந்தீங்க, எனக்குப் பொறுக்கல. போதுமா? டம்ளரை அந்தப் பக்கம் எடுங்க!"

மைக் அத்தனையையும் கொட்டிவிட்டது. நிர்வாகி வெள்ளைத் தலையை மெல்லத் தடவிக்கொண்டார். ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மழை டீச்சர் நடு வரிசையைப் பார்த்தாள். மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷமாக அம்மா கேட்கக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. நல்ல மனசுக்காரியாக இருந்தால் இந்த இடத்தில் டம்ளரை இறக்கி வைத்திருப்பாள்.

"போதாது" என்று சொல்லி மழை டீச்சர் விரலை எடுத்தாள்.

தண்ணீர் விழவில்லை.

அவள் விரலைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். விரல் அந்தரத்தில் இருந்தது, தண்ணீர் அப்படியே நின்றது. அசைந்தால் கொட்டிவிடுமென்று பூச்செண்டால் தலையை மூடிக்கொண்டிருந்த கைவேலை டீச்சர் அதை இறக்கி, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "காத்து பிடிச்சிருக்கு! நம்ம டீச்சர் ஜெயிச்சுட்டாங்க!" என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் குதித்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மழை டீச்சர் புருஷனைத் தேடினாள். அந்த மனுஷன் கூரையில் மின்விசிறி சுற்றுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பசை வாடை இப்போது அவள் மூக்கில் ஏறியது. அடப் பாவி மனுஷா! ஒட்டிவிட்டாயே!

அட்டையைத் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கை வரவில்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த மேடையில் தோற்றதோ அதே மேடையில் அந்தச் சோதனை ஜெயித்து நிற்கிறது. ஜெயித்த சோதனையைத் தானே கெடுக்க எந்த டீச்சருக்குக் கை வரும்? வயிறு எரிய எரிய, டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

அப்போதுதான் மகள் மேடையேறினாள். பழைய மாணவி பெரிய டீச்சருக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினாள்.

"என்னை ஞாபகம் இருக்கா டீச்சர்?"

கைவேலை டீச்சர் முழித்தாள்.

"நான் மழை டீச்சர் பொண்ணு" என்று சொல்லி, கையை நீட்டி அட்டையை உருவினாள்.

தண்ணீர் சொய்யென்று இறங்கியது. உப்பச் சீவின முடி அமுங்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் பூசின பவுடரில் தண்ணீர் வாய்க்கால் வெட்டியது. புது உடுப்பு நனைந்து மடியில் குளம் கட்டியது. சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று திரும்பிப் பார்த்தால், முன் வரிசையில் நிர்வாகிதான் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு ஓட ஒருத்தரும் எழவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை யாரு ஒட்டச் சொன்னது? யாரு சொன்னதுன்னு கேக்கறேன்!"

"ஓட்டைன்னா ஒட்டணும்டி. கை சும்மா இருக்கல" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "டம்ளரைப் பாத்து ஒட்டினேன். இவளைப் பத்தி யோசிக்கல" என்று மகளைக் காட்டினார்.

"ஒட்டு நல்லா இருக்குப்பா. ஒரு சொட்டு ஒழுகல" என்றாள் மகள்.

டீச்சருக்குக் கோபம் அடங்கவில்லை. விரலை எடுத்ததும் கொட்டியிருக்க வேண்டும். தன் கையால் கொட்டியிருக்க வேண்டும். அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. மகளோ அம்மாவின் கைப்பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவின் இந்தப் பக்கமே நடந்தாள். முனையில் திரும்பும்போது ஒரு மாடியிலிருந்து வழக்கம்போல எந்தப் பயலோ "மழை டீச்சரோய்!" என்று கத்திவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

மகள் நின்றாள். மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமாடா, மழை டீச்சர்தான். நான் அவங்க பொண்ணு. கீழ இறங்கி வாடா, உனக்கும் ஒரு டம்ளர் இருக்கு!" என்றாள்.

டம்ளர் மகள் தோளில் தொங்கிய அந்தக் கைப்பைக்குள்தான் இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.